அறைக்கு ஒரு வட்டம்

வள்ளிக்கு வேதாசலம் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? இந்தப் பச்சைப் பேனா கூட்டத்தில் சுட்டது, திட்டாதே. போனில் சொன்னால் என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனித் தெருவைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். ஓர் அதிகாரி கூட்டம் போட்டு, கம்பெனி வாசலில் தெருவின் வரைபடத்தை மாட்டி, "எதெது இருக்கணுமோ அதுல வட்டம் போடுங்க" என்றார். நாங்கள் தோலில் ஓட்டை, கீறல் இருந்தால்தான் வட்டம் போட்டுப் பழகியவர்கள். பேனா கைக்கு வந்ததும் சொன்னது மறந்து, எல்லோரும் நாற்றச் சாக்கடையை வட்டமிட்டோம். நாங்கள் குடியிருக்கும் அறைகளில் குறையில்லை, விட்டுவிட்டோம்.

அதிகாரி எண்ணிப் பார்த்தார். "சாக்கடைக்குத்தான் ஜாஸ்தி, வச்சிக்கலாம். ரூம் யாருக்கும் வேணாம் போல, இடிச்சிடலாம்."

வெளியில் வாடகை கொடுத்துக் கட்டாது. வேலையை விட்டு வந்து தினமும் உன் சமையலைச் சாப்பிட வேண்டுமே என்று பயந்துவிட்டேன். கூட வேலை செய்யும் பிரிசில்லா அக்காவோடு போய் அதிகாரியிடம் விளக்கினேன். "அப்படியா? படம் நாளைக்கு வரைக்கும் இருக்கும், ரூமுக்கும் வட்டம் போடுங்க" என்றார். போட்டேன்.

உன் தம்பி வந்தால் என் தலையணையைக் கொடுத்தனுப்பு. இங்கே தூக்கமே வரவில்லை, உன் குறட்டையைத்தான் அனுப்ப முடியாது. கொஞ்சம் வேர்க்கடலையும் அனுப்பு. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

வேதாசலம்

ஒன்று விட்டுப்போனது. தோலில் குறை பார்க்கும் ரத்தினசாமி அண்ணன் லீவு முடிந்து இன்றுதான் வந்தார். படத்தைப் பார்த்து, "ரூம்புல இன்னா குறை? எவன்டா தப்பா போட்டது?" என்று என் வட்டத்தை அடித்துவிட்டார். பிறகு அதிகாரி வந்து படத்தைச் சுருட்டி எடுத்துப் போனார்.