நண்பர் என்று எழுதியது நான்தான்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், அதுபோல் நீயும் இருப்பாய் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் உன்னோடு இருந்தவர் காலமாகி ஏழு மாதமாகியும் போனில் உன் குரல் எப்படி இருக்கிறதென்று கேட்டுக்கொண்டிருக்கிற நான் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று எழுதியே தொடங்குகிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கட்டுப் பிரித்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இத்தனை வருஷமா இந்தக் குப்பைக்குள்ளயா குடித்தனம் பண்ணினேன் என்றாள், அன்றிலிருந்து ஒட்டடைக் கம்பும் கையுமாக இருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, மூன்று வாரமாகிறது, குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டின மனுஷன் வீட்டுக் குழாயைப் பாருங்க என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். உன் அக்கா வாரம் இரண்டு முறை வந்து போகிறாள். இவ்வளவுதான் வீட்டுச் சேதி. இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், ஆகையால் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதினால்தான் எனக்கு ஓடும். முதலில் அந்தக் கணினி விளையாட்டு நிறுவனத்தின் விஷயத்தில் நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துக்கொள், தவறிருந்தால் திருத்து. ஐந்து வருஷத்துக்கு முன் அவர்கள் தங்கள் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி ஒரு வாக்குக் கொடுத்தார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், யாராக இருந்தாலும் அந்த விளையாட்டுக்குள் துணை என்று பதிந்துகொள்ளலாம், எந்த நாட்டிலிருந்து ஆடினாலும் அந்தப் பதிவு மாறாது, இருவர் சேர்ந்து கட்டிய வீடு ஒருவர் காலத்துக்குப் பின் மற்றவருக்கே சேரும் என்று. அதை நம்பி நீங்கள் இருவரும் பதிந்தீர்கள். இந்த நாட்டில் வேறெங்கேயும் பதிய முடியாதுப்பா, இங்கயாவது இருக்கட்டும் என்று நீ அன்று சொன்னாய். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு அங்கே மழையா என்று கேட்டேன். பிறகு அந்தக் கடற்கரை வீட்டைக் கட்டினீர்கள், படியை அவர் தப்பாக அளந்து அது மாடிக்குப் போகாமல் சுவரில் போய் முட்டியதென்றும், பல் செட்டை மயிரிழை பிசகாமல் செய்கிறவருக்கு ஒரு படிக்கட்டு அளக்க வரவில்லை என்றும் நீ சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. வாசல் கதவைத் திறந்தால் அவர் தன் குரலில் பதிந்துவைத்தது கேட்கும் என்றாய், வந்தாச்சா துரை, சாப்பாடு ஆறிப்போச்சு என்பதுபோல் முப்பது நாற்பது பேச்சு.

அவர் இறந்த இரண்டாம் மாதம் சில நாடுகளுக்கு மட்டும் புதுப் பதிப்பு விட்டார்கள். யாருக்கும் சொல்லாமல், துணை என்று இருந்த இடத்திலெல்லாம் நண்பர் என்று மாற்றிவிட்டார்கள், அதுவும் உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும். அதே வாரம் அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் உங்களுக்கு ஆதரவு என்று காட்டும் வானவில் கொடி பறந்தது என்று அக்கா காட்டினாள். நண்பர்கள் சேர்ந்து கட்டிய வீடு என்றால், ஒருவர் கணக்கு முடிந்தபின் குறித்த நாளில் அழித்துவிடுவது அவர்கள் விதி. உங்கள் வீட்டுக்குக் குறித்த நாள் இந்த மாதம் இருபத்தெட்டு. நீயும் உன்னோடு ஆடுகிற இருநூறு பேரும் கையெழுத்திட்டு, கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்டீர்கள். இதுவரை சரிதானே.

இனி எனக்குத் தெரிந்தும் உனக்குத் தெரியாதது. உன் விண்ணப்பத்தைப் பற்றி அக்கா சொன்ன மறுநாள், நானும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உன்னிடம் கேட்கவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. வாரியத்தில் என் வேலையே குறை சொல்லி வரும் கடிதங்களுக்குப் பதில் வரைவது அல்லவா, இதையாவது ஒழுங்காகச் செய்வேன் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. வீட்டில் எழுதிய வரைவில் என் மகனின் துணைவர் என்றுதான் எழுதியிருந்தேன், அந்தத் தாள் இன்னமும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கணினியில் நானே இரண்டு விரலால் அடித்தேன். பாதியில் கடைக்காரர் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பதுபோல் இருந்தது. காது சூடாகிவிட்டது. அந்தச் சொல்லை அழித்துவிட்டு நெருங்கிய நண்பர் என்று அடித்தேன். பிறகு, மிதமான சொல்லாக இருந்தால் படிக்கிற அதிகாரி முகம் சுளிக்கமாட்டார், நம் பிள்ளைக்கு நல்லதுதான் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டு, அங்கிருந்தே அனுப்பிவிட்டேன். அவர்கள் படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் மூத்த குடும்பத்தார் என்று மட்டும் குறித்திருந்தேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உனக்கு அவர்கள் அனுப்பிய பதிலை நீ எல்லோருக்கும் தெரியும்படி போட்டிருந்தாயே, அதில் மூன்றாவது வரி, உங்கள் இருவரில் ஒருவருடைய மூத்த குடும்பத்தாரே உங்களை நெருங்கிய நண்பர்கள் என்று உறுதிப்படுத்தியிருப்பதால் தற்போதைய பதிவு சரியானதே, இத்துடன் இது முடிக்கப்படுகிறது என்று. அந்தக் குடும்பத்தார் நான்தான். அவருடைய அண்ணன் இல்லை. நீ அவரைத்தான் நினைத்துக்கொண்டாய், ஆஸ்பத்திரியில் உன்கூட ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்த மனிதரை. அவருக்கு, உன் தம்பி செத்தும் அவனை ஒளிச்சுத்தான் வைப்பியா, இனி என் முகத்துல முழிக்காதே என்று எழுதிவிட்டாய் என அக்கா சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு எழுந்து போனேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பதினொரு நாள் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்மீது அருவருப்பாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. கையிலிருந்த கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பதில் எழுதித் தேய்ஞ்ச கை, பெத்த பிள்ளைக்காக ஒரு வார்த்தையை அப்படியே விட்டுவைக்க முடியலையா என்றாள். பிறகு, அந்தப் பல்லுக்காரர் இந்த வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் பக்கத்து வீட்டில் நீங்க என்னன்னு சொன்னீங்க, பையனோட அறையில் தங்கியிருக்கிறவர்னுதானே, அவர் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தார், சிரிச்சுக்கிட்டே நின்னார் என்றாள். அவர் சிரித்தது எனக்கும் தெரியும். அந்த இரண்டாம் வருகையில்தான் என் பல் செட்டின் ஓரம் ஈறைக் குத்துகிறதென்று நான் யாரிடமும் சொல்லாததை, நான் மெல்லுவதைப் பார்த்தே கண்டுபிடித்து, தன் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து ராவிக் கொடுத்தார். எத்தனை நாளாப்பா வலிக்குது என்று அவர் கேட்டார். அப்பா என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை, இந்தாங்க, கேளுங்க என்றே காலத்தைத் தள்ளிவிட்டேன். அக்காவிடமும் அன்றைக்கே சொன்னேன். அவள், கம்பெனிக்காரன் வாக்கு மாறினான்னு இத்தனை பேர் சண்டை போடுறோம், அவனுக்கு ஆதாரம் நம்ம வீட்டுலேருந்தே போயிருக்கு என்றாள்.

அவருடைய அண்ணனுக்கு நேற்று நானே போன் செய்தேன். உன்னைச் செய்யச் சொல்வது நியாயமில்லை, தவறு என்னுடையது. எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினேன். நான் முடித்தபின் லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ என்றேன். பிறகு, என் தம்பி உங்களைப் பத்தி எப்பவுமே மரியாதையாத்தான் பேசுவான் சார் என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அவரைக் கூப்பிட்டுப் பேசு, இன்றே பேசு, என்மேல் உள்ள கோபம் ஆறட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதே.

இத்துடன் மூன்று பக்கம் வைத்திருக்கிறேன். அந்த நிறுவனத்துக்கு எழுதிய இரண்டாவது கடிதம், இன்னும் அனுப்பவில்லை. அலுவலக வழக்கப்படி பார்வை ஒன்று என்று அவர்களுடைய ஐந்து வருஷத்துக்கு முந்தைய வாக்கை, தேதியோடு, அவர்கள் சொற்களிலேயே போட்டிருக்கிறேன். பார்வை இரண்டு, நீங்கள் பதிந்த நாள். பார்வை மூன்று, என்னுடைய முதல் கடிதம், அது பயத்தில் எழுதிய பொய் என்ற குறிப்போடு. கீழே, இறந்தவர் என் மகனுடைய துணைவர், என் மருமகன், ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், இதை நான் நேரில் அறிவேன் என்று எழுதி என் முழுப்பெயர், முகவரி, கையெழுத்து. அம்மாவும் போட்டிருக்கிறாள், புதுக் கண்ணால் போடும் முதல் கையெழுத்து என்று கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். இதையும் அதே ஜெராக்ஸ் கடையில்தான் எடுத்தேன். கடைக்காரர் இந்த முறை உண்மையிலேயே படித்தார், மூன்று பக்கமும். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் சொன்னது, பெரியவரே, பக்க எண் போடலையே, தாள் மாறிப்போச்சுன்னா என்ன பண்ணுவாங்க என்பதுதான். இவர் பார்த்துவிடுவார் என்றா நான் அதை அழித்தேன் என்று கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் ஒரு முறை எழுதிக் கெடுத்தேன், ஆகவே இதை நீ படித்துச் சரி என்ற பிறகுதான் அனுப்புவேன். அக்கா படம் எடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள், தாளும் தபாலில் வரும். வேண்டாததை அடித்துவிடு. விண்ணப்பத்தோடு சேர்த்து எல்லோரும் படிக்கப் போடுவதானாலும் போடு, என் பெயரை மறைக்காதே. நான் சொல்லத் தகுதி இல்லாதவன்தான், இருந்தாலும் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கோபமான கடிதம் வந்தால் எங்கள் பிரிவில் யாரும் பயந்ததில்லை, வருந்துகிறோம், பரிசீலிக்கிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று அன்றைக்கே கட்டி வைத்துவிடுவோம். பத்துக் கேள்வி கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு முடிப்போம். எங்களுக்குத் தூக்கம் போனது, நாங்களே சொன்னதை எங்கள் முன்னால் வைத்து, இதை எந்தத் தேதியில் யார் ரத்து செய்தார், அவர் பெயர் என்ன என்று ஒரே கேள்வி கேட்டவர்களால்தான். இருநூறு பேரும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அதையே கேளுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல்.

இவ்வளவு சொன்னபின் உண்மையையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட பதில்களை வாழ்நாளெல்லாம் எழுதியவன் நான், இருபத்தெட்டாம் தேதிக்குள் அவர்கள் மனம் மாறுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் போனாலும் இரண்டு நண்பர்களின் வீடு என்று பெயர் வாங்கிக்கொண்டு போகக்கூடாது. அதை மட்டும் தடுக்க என்னால் முடியும், அதைக் கெடுத்ததும் நான்தான். அந்தக் குரல்களையெல்லாம் தனியாக எடுத்துவைக்க வழி உண்டா என்று அக்கா கேட்கச் சொன்னாள், தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. அவர் படுத்த பக்கத்தில் துணிமணியை அடுக்கிவைத்திருக்கிறாயாமே, இருக்கட்டும், எடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே. உனக்கு என்ன ஆசி எழுதுவதென்று தெரியவில்லை, நல்ல தூக்கம் வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். பத்தாம் தேதிக்குள் திருத்தத்தைச் சொல்லிவிடு. இன்னொன்று, உனக்கு இஷ்டமிருந்தால்தான். இருபத்தெட்டுக்கு முன் ஒரு நாள் அக்காவின் கணினியில் எங்கள் இருவரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. எப்படி நடப்பது, எதை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது, நீ சொல்லச் சொல்லச் செய்கிறேன். கதவை நான் திறக்கிறேன். அவர் உன்னைத்தான் கூப்பிடுவார், தெரியும். உள்ளே வரலாமா என்று நான் கேட்கவேண்டும், இத்தனை வருஷத்தில் அவரிடம் நானாகக் கேட்கும் முதல் கேள்வியாக அது இருக்கும்.

என்றும் உன்,
அப்பா