கோழி செட்டுப் புழு

வியாழக்கிழமை, இரவு.

முத்து இன்று புழு தின்றுவிட்டது. இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

முத்து நான் வளர்க்கும் புள்ளி போட்ட கெக்கோ, வெளிநாட்டுப் பல்லி வகை. மாமனாருக்கு அது வெறும் பல்லி. அதற்கான புழு உயிரோடு சேலத்திலிருந்து பார்சலில் வரும். தவிட்டில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்வேன். இந்த வாரம் பார்சல் தாமதம். டப்பாவில் தவிடு மட்டும்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் வேலையிலிருந்து திரும்பியதும் மாமனார் பெருமையாகச் சொன்னார்:

"பல்லிக்கு நானே புழு போட்டுட்டேன் சாமி. நம்ம கோழி செட்டுல எருவுக்குள்ள கெடக்கறதுதானே? இதுக்குப் போயி பார்சலா?"

எனக்கு உயிரே போய்விட்டது. போன வாரம்தான் அந்தக் கோழிக் கொட்டகை முழுக்க ஈக்கு மருந்து அடித்தார்கள்.

"மருந்தடிச்ச எடமுங்களே மாமா!" என்று கத்திவிட்டேன். அவரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதே இல்லை.

"கழுவித்தான் போட்டேன்," என்றார்.

நேற்று முழுக்க முத்து மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது. மாமனார் அந்தப் பக்கமே வரவில்லை. இன்று பார்சல் வந்தது. சாயங்காலம் ஒரு புழுவை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். வெகுநேரம் பார்த்தது. பிறகு வாலை மெல்ல ஆட்டி, லபக்கென்று கவ்வியது. இரண்டாவதும் போனது.

"மாமா, தின்னுருச்சுங்க!" என்று கூவினேன்.

"கழுவித்தான் போட்டேன்னு நாஞ் சொன்னனே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்புறம்தான் மத்தியானம் தொடாமல் மூடிவைத்த சோற்றைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்.