அறுபத்து மூன்றாம் அடுக்கு

மார்ச் 3, திங்கள்

பக்கத்து வீட்டு அத்தை, "உன் சின்னவ எங்க வேலை பாக்குறா?" என்று கேட்டதற்கு அம்மா, "ஏதோ கடல் மண்ணு ஆபீசாம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து விழித்தாள். அக்கா விடவில்லை. "கடல்ல செத்துப்போனதை எல்லாம் எண்ணுறா அத்தை. இன்னைக்கு எத்தனை பொணம்டி?"

முந்நூற்றுப் பன்னிரண்டு. வாயைத் திறந்து சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்கா சொல்வதில் தப்பில்லை. கடலின் மேல்தண்ணீரில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத அளவில் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். செத்ததும் ஓடு அடிக்குப் போய்ச் சேறாகப் படியும். மேலே மேலே, ஆயிரம் ஆயிரம் வருடமாக. கப்பலில் போனவர்கள் அந்தச் சேற்றை நீளக் குழாயில் அப்படியே எடுத்து வந்து, அடுக்கு அடுக்காக வெட்டி எண் போட்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு அடுக்கையும் சல்லடையில் கழுவி, உலர்த்தி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஈரப் பிரஷ் நுனியால் ஓடுகளைத் தொட்டெடுத்து வகை பிரிக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிறது ஒரு வகை. கடைசி அறை பை மாதிரி தொங்கும். அதற்கு நான் வைத்த பெயர் பைக்காரி. குளிர்ந்த தண்ணீரில் குண்டாக, தடித்த ஓட்டோடு இருப்பவன் தடியன். எந்த அடுக்கில் யார் அதிகம் என்று பார்த்தால் அந்தக் காலத்துக் கடல் சூடா, குளிரா என்று தெரிந்துவிடும்.

ஒன்பதாவதோடு நின்றவள் நான். வகுப்பில் எழுப்பிவிட்டால் தெரிந்த பதிலும் தொண்டையோடு நின்றுவிடும். இந்த வேலைக்குக் கை நடுங்கக் கூடாது, கண் நன்றாக இருக்க வேண்டும், பொறுமை வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள். பேச வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று நான்கு அடுக்குகள் கழுவினேன். 12, 63, 30, 55. வரிசையாகக் கழுவக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடத்தின் விதி. வரிசையாக வந்தால், அடுத்தது என்ன இருக்கும் என்று கண் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுமாம். அதனால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

12-ஐக் கழுவி முடித்தபோது நீலச் சாயம் தீர்ந்திருந்தது. ஒரு அடுக்கைக் கழுவியதும் சல்லடையை நன்றாக அலசி, சாயத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். ஓட்டையில் ஏதாவது ஓடு சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த அடுக்கில் நீல ஓடு தெரிந்தால், இது முந்தியதன் மிச்சம் என்று தூக்கிப் போட்டுவிடலாம்.

புதுப் பாட்டிலுக்குக் கீழே ஸ்டோருக்குப் போக வேண்டும். ஸ்டோர்காரர் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, காத்து மட்டும்தான் வருது, வாயத் தொறந்து கேளு" என்பார். போன தடவை வரிசையில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். படி வரைக்கும் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம். திரும்பி வந்துவிட்டேன்.

சல்லடையை இரண்டு தடவை அலசினேன். மூன்று தடவை. அதுவே போதும். படிவத்தில் "சாயம்" என்ற கட்டத்தில் மூன்று அடுக்குக்கும் டிக் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மேடமே ஸ்டோரில் சாயம் வாங்கி வைத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

63-ஐ எண்ணினேன். பனியுகம் உச்சத்தில் இருந்தபோது படிந்த அடுக்கு, தடியன்கள் மட்டும்தான் வருவார்கள் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். ஓடுகளும் குறைவு. எல்லாம் சேர்த்து இருநூற்றுச் சொச்சம். அதில் பதினான்கு பைக்காரிகள்.

எண்ணிக்கையைப் பார்த்த மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஒண்ணாவது நீலமா இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப இது இந்த அடுக்கோடதுதான். அவ்வளவு குளிர்லயும் நடுவுல திடீர்னு கடல் சூடாகியிருக்கு. புரியுதா உனக்கு? கடல் இவ்வளவு வேகமா மாறும்னா நம்ம கணக்கையெல்லாம் திருப்பிப் பாக்கணும்."

என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப.

மார்ச் 18, செவ்வாய்

பேருந்தில் ஞாபகம் வந்தது. 12-க்கு அடுத்து 63. 12 மேல் அடுக்கு, வெதுவெதுப்பான காலம், அதில் பைக்காரிகள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். அன்றைக்குத்தான் சாயம் இல்லை.

மூன்று தடவை அலசினேனே. சிக்கியிருக்குமா? பதினான்கா?

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

மார்ச் 21, வெள்ளி

பைக்காரிகளில் பதினொன்றை மெஷின் அண்ணன் கரைத்துப் பார்த்துவிட்டார். ஓட்டை அமிலத்தில் கரைத்து, வரும் வாயுவை அளந்து, தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்கிற மெஷின் அவருடையது. சூடு என்றே வந்தது. வராமல் என்ன செய்யும்?

மேடம் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறாராம். பெயர் கொடுத்துவிட்டார். எத்தனையோ நாட்டுக்காரர்கள் வருவார்களாம்.

"என்ன மௌனம், உன் கண்டுபிடிப்பு பெரிய ஆளாக்கிடும் போல மேடத்தை" என்றார் அண்ணன். அவர் எனக்கு வைத்த பெயர் அது. தலையை ஆட்டினேன்.

மார்ச் 22, சனி

"ஏன்டி பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் அக்கா. சொன்னேன். எல்லாவற்றையும்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் ஏன் நீயா போய்த் தலையக் குடுக்கணும்? இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி வீட்டு மூலையிலதான் உக்காரணும், பாத்துக்க."

அவள் சொல்வதும் சரிதான். சரிதானா? அந்த மூலை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அங்கேதான் இருந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஒருவேளை அவை உண்மையிலேயே 63-இல் இருந்திருக்கலாம் அல்லவா? அப்படி இருந்தால் நான் சொல்லவே தேவையில்லை. பார்த்துவிடலாம் என்று மேடம் சாப்பிடப் போனதும் 12-இன் ஸ்லைடை எடுத்தேன்.

12-இன் ஓடுகள் மேலெல்லாம் லேசான துரு நிறம். அந்த அடுக்கின் சேறே அப்படித்தான், பழுப்பு. 63-இன் தடியன்கள் கழுவிய கண்ணாடி மாதிரி வெள்ளை. கரைக்காமல் மிச்சமிருக்கும் மூன்று பைக்காரிகளை நடுவில் வைத்துப் பார்த்தேன்.

துரு.

மூன்றும்.

மார்ச் 27, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். மேடம் திரும்பி, "என்னம்மா?" என்றார்.

"பிரஷ் தேஞ்சு போச்சு மேடம்."

புதுப் பிரஷ் கொடுத்தார். பழையது நன்றாகத்தான் இருக்கிறது.

சீ.

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மேடம் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தார். குளிர்க் கோடு கீழேயே ஓடிக்கொண்டிருக்க, 63-இல் மட்டும் ஊசி மாதிரி மேலே ஒரு ஏற்றம். அதைப் பார்த்ததும்தான் வாய் திறந்தது.

"மேடம், அறுபத்து மூணு தப்பு."

"எண்ணிக்கையா?"

"அன்னைக்குச் சாயத்துல முக்கல."

"டிக் இருக்கே."

"முக்காமலே டிக் போட்டேன்."

மௌஸில் இருந்த கை அப்படியே நின்றது. "ஏன்?"

"சாயம் தீந்துபோச்சு."

"ஸ்டோர்ல கேக்கறதுக்கு என்ன?"

அவர் காத்திருந்தார். நானும் எனக்காகக் காத்திருந்தேன். கடைசியில், "கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"வெக்கமா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒன்றரை மாசம் கப்பல்ல கெடந்து வாந்தி எடுத்துக்கிட்டே எடுத்துட்டு வந்த மண்ணும்மா இது. நாலு கிலோமீட்டர் ஆழத்துல இருந்து. அதைக் கொண்டுவந்து உன் கையில குடுத்தா, ஒரு மாடி எறங்கிப் போக உனக்கு வெக்கம்."

நான் அழுதேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியல, என்ன செய்ய.

"நான் அங்க போய் நின்னு பேசுன பிறகு வேற யாராவது கண்டுபிடிச்சிருந்தா? அத யோசிச்சியா?" என்றார். பிறகு, "அன்னைக்கு வேற எதெல்லாம் கழுவினே?"

"12-க்கு முன்னாடி சாயம் இருந்துச்சு, அது சரி. அதுக்கப்புறம் 63, 30, 55. இந்த வரிசைதான். மூணும் தப்பு." துரு நிறத்தையும் சொன்னேன். ஸ்லைடைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை அவருக்கு. கண்ணை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப வெளிய போ."

திங்கட்கிழமை வரலாமா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. பயம்.

மார்ச் 29, சனி

அக்கா, "சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லிட்டேன்." "பைத்தியம்" என்றாள். என் தட்டில் அவள் பங்கையும் வைத்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்றுமில்லை. நாள் நகரவே இல்லை.

மார்ச் 31, திங்கள்

போனேன். மேடம் அறை பூட்டியிருந்தது. மெஷின் அண்ணன் வாசலில் நின்றார்.

"மௌனம், மேடம் உன்ன வரச் சொன்னாங்களா, வர வேணாம்னாங்களா?"

"ரெண்டும் சொல்லல."

"அப்ப வேலைன்னு அர்த்தம். வெள்ளைக் கோட்டை மாட்டு."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே மேடம் கூட்டத்துக்கு எழுதிவிட்டாராம், பேசப் போவதில்லை என்று. காரணத்தையும் எழுதினாராம். "'கழுவும்போது எங்க அறையில் நடந்த தவறு'ன்னுதான் போட்டாங்க, உன்னப் பத்தி ஒரு வார்த்தை இல்ல" என்றார் அண்ணன். அதைக் கேட்டது இன்னும் கஷ்டமாக இருந்தது.

குழாய்ச் சேற்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வெட்ட அனுமதி கேட்டுத்தான் மேடம் போயிருக்கிறார். ஒரு முறைதான் கொடுப்பார்களாம்.

என் மேஜை மேல் ஒரு சீட்டு: 55, 63, 30. அவர் கையெழுத்து. வேறு எதுவும் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மூன்று அடுக்கின் புது வெட்டுகளும் வந்துவிட்டன. தொட்டியில் சாயம் கால்வாசிதான் இருந்தது. மூன்று முறை முக்கப் போதாது.

ஸ்டோரில் நான்கு பேர் வரிசையில். என் முறை வந்ததும் ஸ்டோர்காரர், "என்னம்மா, காத்தா, பேச்சா?" என்றார். யாரோ சிரித்தார்கள். முகம் எரிந்தது.

"நீலச் சாயம். ரெண்டு பாட்டில். இப்பவே வேணும்."

"ரெண்டு எதுக்கு?"

"தீந்துபோனா தப்பாயிடும்."

எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம். படியேறி வந்தேன். பாட்டில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

நான் கழுவும்போது மேடம் பக்கத்தில் நின்றார். முதல் முறை முக்கியபோது பார்த்தார், இரண்டாவது முறையும். மூன்றாவது முறைக்கு முன்பே போய்விட்டார். அது கோபமா, நம்பிக்கையா? தெரியவில்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

63 உலர்ந்துவிட்டது. அண்ணன் எண்ணுவார் என்று நினைத்தேன். "நீயே எண்ணு" என்றார் மேடம். எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார், எதையோ படிப்பது மாதிரி. பக்கம் புரளவே இல்லை.

தடியன்கள் இருநூற்று எண்பத்தொன்று. இரண்டு நீல ஓடுகள் வந்தன, இரண்டுமே 55-இன் மிச்சம், எடுத்துப் போட்டேன். பைக்காரிகளைத் தேடினேன். எண்ணும் தட்டைச் சுற்றி வைத்து மறுபடி தேடினேன். ஒன்றாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். எனக்காக இல்லை, அவருக்காக. ஒரே ஒன்று, வெள்ளையாக.

படிவத்தில் எழுதினேன்: 0.

மேடம் எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்தார். அவரும் குனிந்து தட்டு முழுவதும் ஒருமுறை பார்த்தார். அவசரமே இல்லாமல், மூலை மூலையாக.

"குளிர்தான்" என்றார்.

"ஆமா மேடம்."

கம்ப்யூட்டரில் அந்த ஊசி ஏற்றத்தை அழித்தார். கோடு கீழேயே நேராக ஓடியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரஷைத் துடைத்துவிட்டு, பையை எடுப்பதா வேண்டாமா என்று நின்றேன்.

"என்ன நிக்கறே? முப்பதை எடு."

எடுத்தேன்.