குளிரில் சாகாத போன்

டேரல்,

காட்டரிசி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. உன் தங்கை லோரி பனி அள்ளும் இயந்திரத்தைத் திருப்பித் தர வருவாள், அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடு. கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது.

உனக்குப் புதுப் போன் வாங்கும் விஷயம். நாம் பார்த்த இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். கறுப்பு போனில் பேட்டரி இரண்டு நாள் தாங்கும். நீல போனில் கேமரா உசத்தி, ஆனால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். நீ நீலத்தில்தான் பிடிவாதமாக நிற்கிறாய். "கேமராதான் கார்லா முக்கியம், பேட்டரிய எவன் பாக்கறான்?" என்கிறாய். பிடித்த மீனைக்கூடப் படம் எடுக்காதவன் நீ.

சனிக்கிழமைதோறும் உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறாய். கூப்பிட்டால் எடுப்பதில்லை. வந்ததும், "குளிர்ல செத்துப்போச்சு கண்ணு, நான் என்ன பண்ண?" என்கிறாய். அப்படியென்றால் பெரிய பேட்டரியை அல்லவா நீ கேட்டிருக்க வேண்டும்?

அதனால் உன் பழைய போனை ராத்திரி பின்வாசலில், பூட்ஸுகளின் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஏரியில் அடிக்கிற அதே குளிர். காலையில் பார்த்தால் பாதி சார்ஜோடு உயிரோடு இருக்கிறது. சூப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், நீயே பார்.

கார்லா

சூப்பில் உப்புக் குறைவு, போட்டுக்கொள்.

இன்னொன்று. ஏரிப் பனியின் மேல் நீ போட்டிருக்கிற மீன்பிடிக் குடிலில் முக்காலி இரண்டு இருக்கிறது. இரண்டாவது யாருக்கென்று நான் கேட்கவில்லை. இந்தச் சனிக்கிழமை அதில் நான் உட்காரப் போகிறேன். நீலத்தையே வாங்கிக்கொள். நான் பக்கத்தில் இருந்தால், போன் செத்தாலும் பரவாயில்லை.