நாலு மணிக்குள் சாகாத பெண்

அக்டோபர் 3, வியாழன்
இன்றும் ஆறு நிமிடம் போயிற்று. ஊரார் சந்தாவில் ஓடும் எங்கள் வானொலியில் வியாழன்தோறும் மூன்று மணி ஆர்டிஸுடையது, நாலு மணி என்னுடையது. இருவருக்கும் சம்பளம் கிடையாது. அவள் இத்தாலிய இசைநாடகம் போடுகிறாள். நான் கடல் வானிலை, காணாமல் போன நாய்கள், அக்கார்டியன் பாட்டு. படகுக்காரர்கள் நாலு மணி வானிலைக்குக் காத்திருப்பார்கள். நாடகத்திலோ ஒருத்தி மூன்று ஐம்பதுக்குக் கத்திக்குத்து வாங்கிக்கொண்டு நாலு ஆறு வரை பாடுகிறாள். நெஞ்சில் குத்துப்பட்டவளுக்கு அவ்வளவு மூச்சு ஏது?

"பாதியில நிறுத்தினா பாவம் நெல்ஸ். அவ நிம்மதியா சாகட்டும்" என்கிறாள் ஆர்டிஸ். முப்பது வருடம் நூலகத்தில் எங்கள் எல்லாரையும் 'உஷ்' என்று அடக்கியவள்.

அக்டோபர் 10
ஏழு நிமிடம். வேறொருத்தி. விஷம்.

அக்டோபர் 11, வெள்ளி
நிலைய மேலாளர் டாக்னியிடம் சொல்லிவிட்டேன். அவளா, நானா? பதினொரு வருடம் பொறுத்தாயிற்று.

"நீங்க பக்கத்துல உக்காந்து விடற பெருமூச்சு அவங்க மைக்ல கேக்குது. அதையாவது குறைச்சுக்கோங்க" என்றாள். கேட்கட்டுமே!

அக்டோபர் 16, புதன்
ஜெயித்தேன். ஆர்டிஸுக்கு இனி ஞாயிறு காலை ஆறு மணி. என் நேரத்துக்கு முன்னால் தலைநகர் ஜூனோவிலிருந்து வரும் செய்தி. வினாடி பிசகாது.

குழுக் கூட்டத்தில் ஆர்டிஸ் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். சண்டைக்கு வருவாள் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். வீணாயிற்று.

அக்டோபர் 17
சரியாக நாலு மணிக்கு வானிலை. அருமை. நாலு இரண்டுக்குத் தொலைபேசி. நண்டுப் படகு ஹோபர்ட்.

"என்னடா, இன்னைக்குச் சாவே இல்லையா?"

துறைமுகத்தில் வாராவாரம் பந்தயமாம், எத்தனை நிமிடத்தில் சாவாள் என்று. தோற்றவன் எல்லாருக்கும் டோனட் வாங்கித்தர வேண்டும்.

"வானிலைய நீ சொல்லித்தான் தெரியணுமா? ஜன்னலத் திறந்தா தெரியுது. அவ சாகுற வரைக்கும் நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவே பாரு, அதுக்குத்தான்டா நான் சந்தா கட்டறேன்!"

பதினொரு வருஷமா ஊரே சிரிச்சிருக்கு. என்னைப் பார்த்து! என்கிட்ட ஒருத்தனும் சொல்லலையே!

அக்டோபர் 24
நாற்காலி ஜில்லென்று இருந்தது. முன்பெல்லாம் அவள் உட்கார்ந்து எழுந்த சூடு இருக்கும். இரண்டு நாய், ஒரு துடுப்பு காணவில்லை என்று வாசித்தேன். தன் நேரம் முடிந்த பிறகும் ஆர்டிஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நாய்களின் பெயரைக் கேட்டுச் சிரிப்பாள். அதுகூட இன்றுதான் ஞாபகம் வருகிறது. ஏன்டா நெல்ஸ், உனக்கு வாய் சும்மா இருக்காதா?

அக்டோபர் 27, ஞாயிறு
அலாரம் வைத்து எழுந்து வானொலியைப் போட்டேன். குத்துப்பட்டவள் பாடிக்கொண்டிருந்தாள். ஆறு ஐம்பத்தொன்பதுக்கு ஆர்டிஸ் பாதிப் பாட்டில் நறுக்கிவிட்டாள். நான் ஆசைப்பட்ட ஒழுங்கு! குத்துப்பட்டவள் செத்தாளா, பிழைத்தாளா என்றுகூடத் தெரியவில்லை. நாளைக்கே டாக்னியைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 28
"அன்னிக்கு 'அவளா, நானா'ன்னீங்க. இப்ப என்ன?" என்றாள் டாக்னி.

"ரெண்டு பேரும்."

"அப்ப வானிலை?"

"ஹோபர்ட் வீட்டுல ஜன்னல் இருக்கு."

நவம்பர் 7, வியாழன்
மூன்று மணி மறுபடி ஆர்டிஸுடையது. மூன்று ஐம்பதுக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆர்டிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறன்று பாதியில் நின்ற அதே நாடகம். மணி நாலடித்ததும் அவள் கை பொத்தானுக்குப் போயிற்று.

"வேண்டாம். நிம்மதியா சாகட்டும்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். பாட்டைக் கேட்டதில் பெருமூச்சு விட மறந்துபோனேன். நாலு ஐந்துக்கு ஆர்டிஸ் முழங்கையால் இடித்து மைக்கைக் காட்டினாள். விட்டேன்.

நாலு ஒன்பதுக்குச் செத்தாள். அதற்குப் பிறகு வானிலை.