மந்திரி தானே கூடைக்குள் போனான்

என் அருமை மகனுக்கு, அம்மா எழுதுவது. அங்கே நீ வேளைக்கு உண்டு, உறங்கி, மனச்சோர்வு இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பியே பேனாவைத் திறக்கிறேன். இறையருளால் நானும் அப்பாவும் நலம். உன் மந்திரியும் நலம். இந்தக் கடைசி மூன்று சொற்களை எழுத நான் ஒரு மாதத்திற்கு மேல் காத்திருந்தேனப்பா! கை பரபரக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நீ தொலைபேசியில் அழைத்து மந்திரியைக் காட்டச் சொன்னபோதெல்லாம், தூங்குகிறான் என்றேன் அல்லவா, அது பொய். அவன் பீரோவுக்கு அடியில் ஒளிந்திருந்தான். ஒளிந்ததற்குக் காரணம் நான்.

கல்லூரி முடித்த ஆண்டு நீ சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்த அந்தப் பூனைக்குட்டிக்கு இப்போது பதினொரு வயது. தட்டைக் காலி செய்துகொண்டே இருந்தான், ஆனாலும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும்படி இளைத்துப் போனான். பயந்துபோய்ப் பூனை மருத்துவரிடம் கொண்டு போனோம். பரணிலிருந்து அவனுடைய கதவு வைத்த பயணக் கூடையை இறக்கிய ஓசை கேட்டதுமே அவன் திரைச்சீலையில் ஏறிவிட்டான். அப்பா அவனைப் பிடித்துத் திணித்ததில் முழங்கை வரை கீறல். காரில் அவன் கதறினான். கலங்கிய உயிருக்குத் துதிப்பாடல் துணை என்று நம்பி வளர்ந்தவள் நான், ஆகவே அவனை அமைதிப்படுத்த உரத்த குரலில் பாடத் தொடங்கினேன். அவன் குரலை உயர்த்தினான், நானும் உயர்த்தினேன், இருவருமாக மருத்துவமனை வாசல் வரை அப்படியே போய்ச் சேர்ந்தோம். மேசைமேல் அவனை யாராலும் தொட முடியவில்லை. மருத்துவரோ, அவன் நெஞ்சில் ஏதோ முணுமுணுப்புக் கேட்கிறது, மயக்க ஊசி போட எனக்குத் துணிவில்லை, விழிப்பில் இருக்கும்போதே ரத்தம் எடுத்தால்தான் நோய் தெரியும், இப்படிப் போராடினால் எப்படிம்மா எடுப்பேன் என்று கைவிரித்தார்.

அதைவிட என்னை வருத்தியது மறுநாள் காலை. சன்னலோரம் அமர்ந்து துதிப்பாடல் நூலைத் திறந்தால், ஏடு எதுவென்று பாராமல் அதன்மேல் வந்து அமர்வானே, அவன் என் பாட்டின் முதல் அடியைக் கேட்டதும் வாலைப் புடைத்துக்கொண்டு ஓடிவிட்டான். என் பாட்டு அவனுக்கு ஊசியின் முன்னறிவிப்பாகிவிட்டது. பதினொரு ஆண்டு உடனிருந்து கேட்டவன்! அப்பா மட்டும் சும்மா இருப்பாரா, நீ பாடினா ஓடணும்னு எனக்கு முப்பது வருஷமா தோணுது, அவன்தான் தைரியசாலி, ஓடியே காட்டிட்டான் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மருத்துவர் நான்கு வாரம் தவணை தந்தார். கூடையைப் பரணில் வைக்காதீங்க, அவன் கண்ணெதிரே திறந்தே கிடக்கட்டும், அவனுக்குப் பிடிச்ச வாசம் உள்ளே இருக்கணும், நீங்களா எடுத்து உள்ளே வைக்கவே கூடாது என்றார். அதன் கதவைக் கழற்றிவிட்டுச் சன்னலோரம் வைத்தேன். உள்ளே உன் பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை விரித்தேன். வாயிலில் ஒரு மீன் துணுக்கு, மறுநாள் ஒரு விரற்கடை உள்ளே, அதற்கும் மறுநாள் இன்னும் சற்று உள்ளே. நானோ குரலை அடக்கி, மனத்துக்குள்ளேயே ஓதினேன். நாற்பது ஆண்டு வாய்விட்டுப் பாடியவளுக்கு அது எத்தகைய நோன்பு என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் அவன் தலையை நுழைத்து உன் சட்டையை முகர்ந்தான், கண்ணை மூடினான், முழு உடலையும் உள்ளே இழுத்துச் சுருண்டான். பழம்புலவர்கள் பிரிந்தவரிடம் மேகத்தைத் தூதுவிட்டார்கள். இங்கே உன் சட்டையே உன் தூதாக வந்து வேலையை முடித்தது!

பிறகு கதவை மாட்டி, துண்டால் கூடையை மூடி, தினமும் காரில் தெருமுனை வரை போய்த் திரும்பினோம். மருத்துவமனைக்கு இல்லை, சும்மா ஒரு சுற்று, வீடு வந்ததும் ஒரு துணுக்கு. அப்பா முட்டை மூட்டை ஏற்றியவர்போல் ஓட்டினார். எதிர்வீட்டுத் தையற்காரர், தினமும் எங்கே கிளம்புறீங்க என்று கேட்க, மந்திரி நகர்வலம் போறார், நான் வெறும் சாரதி என்றார் அப்பா.

சென்ற செவ்வாயன்று, நாய்கள் வந்து சேருமுன் முதல் ஆளாக வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். உள்ளே அழைக்கும்வரை காரிலேயே இருந்தோம். அவர் அவனை வெளியே இழுக்கவே இல்லை. கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றினார், அவன் உன் சட்டைமேல் படுத்தபடியே இருந்தான், துண்டு பாதி முகத்தை மூடியிருந்தது. நான் கூடையை அணைத்தபடி நின்றேன். ஊசி இறங்கியபோது தலையை என் முழங்கைக்குள் புதைத்துக்கொண்டான், அவ்வளவுதான். முடிஞ்சுதும்மா, பாடுறீங்கன்னு சொன்னீங்க, இன்னிக்கு ஊமையா இருக்கீங்களே என்று மருத்துவர் கேட்டார். நேற்று முடிவு வந்தது. தைராய்டு மிகுதியாகச் சுரக்கிறதாம், அதனால்தான் இளைப்பு, நெஞ்சின் அந்த ஓசைக்கும் அதுவே காரணமாக இருக்கலாமாம். காலையும் மாலையும் ஒரு மாத்திரை, ஒரு மாதத்தில் சதை பிடிப்பான் என்கிறார். கேட்டதும் அப்பா சாரதி வேடத்தைக் கலைத்துவிட்டுக் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார், வெகுநேரம் துடைத்தார்.

இன்று காலை துணிந்து நூலைத் திறந்து வாய்விட்டு ஓரடி பாடினேன். மந்திரி கூடைக்குள்ளிருந்து தலையை உயர்த்தினான். காது பின்னே போயிற்று. நான் நிறுத்திவிட்டேன். அவன் எழுந்தான், சோம்பல் முறித்தான், நடந்து வந்து, நான் எந்த அடியில் நிறுத்தினேனோ அந்த அடியின் மேலேயே அமர்ந்துகொண்டான். எஞ்சியதை நினைவிலிருந்தே பாடினேன், இரண்டு இடத்தில் தடுமாறினேன், இறைவன் பொறுப்பான்.

வேலை மிகுந்தாலும் உறக்கத்தைக் குறைக்காதே. எல்லா நலனும் உன்னைத் தேடி வர, நீ தொட்டது துலங்க, என் வாழ்த்து. ஒன்றை மறவாதே: ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். உதவி செய்வதாக எண்ணி அப்பா நேற்று உன் கம்பளிச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டார். ஆகவே நீ உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அப்படியே மடித்து அனுப்பு. முடிந்தால் இரண்டாக அனுப்பு. இரண்டும் பூனைக்குத்தான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா