சாவி கொடுத்த நாள்

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கபுஷ்பம் எழுதுவது. நானும் அபியும் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கொல்லத்துக்கு வருகிற கிருபா கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். படிக்காமல் சட்டைப்பைக்குள் திணித்துவிடாதீர்கள்.

இங்கே சாரல் விட்டபாடில்லை, துணி எதுவும் காய மாட்டேன் என்கிறது. குற்றாலத்தில் நல்ல தண்ணீர். அப்பா வராமல் குளிக்கப் போக மாட்டேன் என்று அபி ஒரே அடம். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று மேலகரம் போய், நம் வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கிற இசக்கிதுரையைப் பார்த்தேன். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். நடப்பான், ஆனால் இனி லோடு வண்டி ஓட்ட முடியாதாம். "வளைவுல நான் மெதுவா போயிருக்கணும் மதினி, அண்ணாச்சி வண்டியக் கெடுத்துட்டேன்" என்று அழுகிறான். பிரேக் சரியில்லை என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். நடக்கப்போவதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். சரி அத்தான். அப்படியென்றால் அன்று காலையில் காலண்டரைப் பார்த்து, எனக்குச் சந்திராஷ்டமம், வண்டி எடுக்க மாட்டேன் என்று ஏன் ஒதுங்கினீர்கள்? அவன் ராசிக்கு நல்ல நாள்தான் என்று ஏன் சாவியை நீட்டினீர்கள்? நாள் பார்த்த கண்ணுக்குப் பிரேக் தெரியவில்லையா? கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் அங்கே தூங்காமல் கிடப்பீர்கள் என்றும் தெரியும். மனசில்லாதவராக இருந்தால் நான் ஏன் உங்களுக்கு எழுதப் போகிறேன்?

அவனிடம் நானே சொல்லிவிடலாம். ஆனால் அது உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். தப்பு தன்னுடையது என்று அவன் சாகும்வரை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

எல்லாம் முன்பே முடிவானது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் வந்து அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்வதும் அதில் இருக்கலாமே. இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? வந்து பார்த்தால்தானே தெரியும்.

நாள் பார்க்க வேண்டாம், கிடைக்கிற ரயிலில் ஏறி வாருங்கள். உங்களைக் கட்டிக்கொண்டதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இனியும் வருத்தப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காகச் சோறு வைத்திருக்கும்,
தங்கம்